இருபது வருடச் சீட்டு மென்பொருளை மாற்றுவது: இருக்கும் வழிகளும் என் தேர்வும்

தமிழ்நாட்டின் நடுத்தரச் சீட்டு நிறுவனங்கள் பலவற்றில் இன்னமும் ஓடிக்கொண்டிருப்பது விஷுவல் பேசிக் 6 (சுருக்கமாக விபி6) என்ற மைக்ரோசாஃப்டின் பழைய நிரல்மொழியில் எழுதிய மென்பொருள்தான். பின்னால் ஒரு பழைய எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ், ரிப்போர்ட்டுக்கு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், ரசீதுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். ஏதாவது நின்றுபோனால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக் கொடுப்பார். மென்பொருள் ஓடுகிறது, கணக்கும் சரியாக வருகிறது. ஆனால் வசூலுக்குப் போகிறவர் கையில் மொபைல் செயலி வேண்டும், சந்தாதாரர் யுபிஐயில் கட்டிய பணம் தானாக வரவாக வேண்டும், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பழைய கன்ட்ரோல் (மென்பொருளின் உதிரித் துண்டு) ஒன்று ரிஜிஸ்டர் ஆக மறுக்கிறது. அங்கேதான் மாற்றும் பேச்சு ஆரம்பிக்கிறது.

இந்தக் கட்டுரைக்காக நாற்பது கிளைகளும் தலைமை அலுவலகத்தில் இரண்டு ஐடி ஊழியர்களும் உள்ள ஒரு சீட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். விற்க வருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே மைக்ரோசர்வீஸ் (ஒரே மென்பொருளைப் பல குட்டி மென்பொருள்களாகப் பிரிப்பது), குபெர்னெட்டிஸ் (அவற்றைப் பல சர்வர்களில் ஓட்டிப் பராமரிக்கும் கருவி), கிளவுட் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அதைப் பார்க்கும் முன் இரண்டு விஷயங்களைக் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்: எவ்வளவு சுமை, எவையெல்லாம் சேர்ந்தே பதிவாக வேண்டும்.

சுமையும் ஏலமும்

சுமைக் கணக்கு எளிது. ஒரு கிளைக்கு நாளுக்கு 300 ரசீது என்று தாராளமாகவே வைத்தாலும் நாற்பது கிளைக்கு 12,000. எட்டு மணி நேர வேலை என்றால் இரண்டரை விநாடிக்கு ஒரு ரசீது. கடைசித் தேதியன்று பத்து மடங்கு கூட்டம் வந்தாலும் விநாடிக்கு நாலு. ஒப்பிட்டுப் பார்க்க, இந்திய ரயில்வேயின் முன்பதிவு அமைப்பு நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் தாங்கும் என்றும், அதை 1.5 லட்சமாக உயர்த்தப்போவதாகவும் 2025 ஜூனில் அமைச்சகம் அறிவித்தது. 32,000 என்பதே விநாடிக்கு ஐந்நூறுக்கு மேல். நம் சீட்டு நிறுவனத்தின் சுமையை மேஜைக்கடியில் இருக்கும் ஒரு சாதாரண சர்வர் தாங்கிவிடும். ஆக, "ஸ்கேல் ஆகுமா?" என்ற கேள்வி நமக்கான கேள்வியே இல்லை.

இரண்டாவது விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் சீட்டு, 25 பேர், 25 மாதம், மாதம் 20,000. இந்த மாத ஏலத்தில் ஒருவர் 1,25,000 தள்ளி எடுக்கிறார். அவருக்கு 3,75,000. ஃபோர்மேன் (சீட்டை நடத்துபவர்) கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000. மீதி ஒரு லட்சத்தை 25 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4,000 டிவிடெண்ட். அடுத்த தவணைக்கு 16,000 கட்டினால் போதும். கமிஷன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4,500. ஏலத்தை முடித்து "சேவ்" அழுத்தும் அந்த ஒரு நொடியில் சுமார் முப்பது பதிவுகள் விழ வேண்டும். விழுந்தால் எல்லாம் விழ வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் விழக்கூடாது; இப்படிச் சேர்த்துக் கட்டுவதற்குப் பெயர் டிரான்சாக்‌ஷன். பதினெட்டுப் பேருக்கு டிவிடெண்ட் ஏறி ஏழு பேருக்கு ஏறாமல் நின்றால், மறுநாள் காலை கிளை மேலாளர் முன்னால் ஏழு பேர் நிற்பார்கள்.

பழைய மென்பொருளில் இதை ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த நிரல்), ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் செய்துகொண்டிருக்கிறது. அசிங்கமான கோடாக (நிரலாக) இருக்கலாம். ஆனால் இருபது வருடமாக எந்த ஏலமும் பாதியில் தொங்கியதில்லை. புதிய கட்டமைப்பு எதுவானாலும் இந்த உத்தரவாதத்தைக் குறைத்துவிட்டு வேறு எதைக் கொடுத்தாலும் எனக்கு அது நஷ்டம்தான்.

அப்படியே விட்டுவைப்பது

யாரும் கூட்டத்தில் முன்வைக்காத வழி இது. ஆனால் கேலிக்குரியதும் இல்லை. விபி6-ஐ உருவாக்கும் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2008 ஏப்ரலில் நிறுத்திவிட்டாலும், அதில் எழுதிய செயலி ஓடத் தேவையான ரன்டைமை விண்டோஸ் 11 வரை தாங்கிப் பிடித்துத்தான் வருகிறது. செயலியை ஒரு சர்வரில் வைத்து, கிளைகள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து வேலை செய்தால் புதுக் கம்ப்யூட்டர் தொல்லை பாதி தீரும். விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபோது பல அலுவலகங்கள் இப்படித்தான் சமாளித்திருக்கும்.

இதன் விலை வட்டிபோல் ஏறும். ரயில்வே முன்பதிவே எடுத்துக்காட்டு. மேலே சொன்ன அமைப்பு 2010-இல் இட்டானியம் சர்வர்களில், ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்தில் நிறுவப்பட்டது. நன்றாகவே ஓடியது. ஆனால் இட்டானியம் சிப்பை இன்டெல் 2021 ஜூலையோடு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஓபன்விஎம்எஸ் சாதாரண எக்ஸ்86 சர்வர்களுக்கு வந்ததே 2022-இல்தான். எப்போது மாறுவது என்ற முடிவு இனி நம் கையில் இருக்காது என்பதுதான் விட்டுவைப்பதன் உண்மையான செலவு. ஒன்றிரண்டு வருடம் மூச்சுவிட நேரம் வேண்டுமென்றால் இது நல்ல வழி. அதற்கு மேல் வேண்டாம்.

மொழிமாற்றுவதும் ரெடிமேடாக வாங்குவதும்

விபி6 கோடை மைக்ரோசாஃப்டின் அடுத்த தளமான டாட்நெட்டுக்கு மாற்றித்தரும் கருவிகள் இன்றும் விற்பனைக்கு உண்டு. மைக்ரோசாஃப்டே விஷுவல் ஸ்டுடியோவுடன் ஒரு விஸார்டைக் கொடுத்துவந்து, 2010 பதிப்பில் எடுத்துவிட்டது. மாற்றிக் கிடைப்பது டாட்நெட் வேஷத்தில் இருக்கும் அதே விபி6 கோடுதான். பிழை வந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போ என்ற வழக்கம், ஃபாரத்தின் (திரைப் படிவத்தின்) பட்டனுக்குப் பின்னாலேயே எழுதிய வட்டிக் கணக்கு, எல்லாம் அப்படியே வரும். மொபைல் செயலி கேட்டவருக்கு இன்னொரு டெஸ்க்டாப் செயலியைக் கொடுத்ததாகத்தான் முடியும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

ரெடிமேட் சீட்டு மென்பொருள் வாங்குவது வேறு விஷயம். ஐந்தாறு கிளைகள் உள்ள நிறுவனம் என்றால் மேலே படிக்கவே வேண்டாம், வாங்கிவிடலாம். 2022 ஜூலை 18 முதல் கமிஷன்மேல் ஜிஎஸ்டி 12-இலிருந்து 18 சதவீதமானது போன்ற மாற்றங்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: விலகும்போது முழு டேட்டாவும், லெட்ஜர் அளவில், எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கிடைக்கும். "எக்ஸெல்லில் எடுத்துக்கலாம் சார்" என்ற வாய்ப்பேச்சு போதாது. நாற்பது கிளைக்கு வரும்போதுதான் இடிக்கும். அந்த அளவு வளர்ந்த நிறுவனத்திடம் ஏஜென்ட் கமிஷன், ஜாமீன் விதிகள், தள்ளுபடி என்று சொந்தப் பழக்கங்கள் ஏகப்பட்டது சேர்ந்திருக்கும். அவற்றுக்கெல்லாம் கஸ்டமைஸ் செய்யச் செய்ய, ரெடிமேட் என்பது பெயரளவில்தான் மிஞ்சும்.

மைக்ரோசர்வீஸ்

இனி, விற்க வந்தவர் காட்டிய படம். சந்தாதாரருக்கு ஒரு சர்வீஸ், ஏலத்துக்கு ஒன்று, வசூலுக்கு ஒன்று, லெட்ஜருக்கு ஒன்று; ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ். படத்தில் அழகாக இருக்கும். மேலே சொன்ன ஏலத்தை அதில் ஓட்டிப் பார்ப்போம். ஏல சர்வீஸ் முடிவைப் பதிந்துவிட்டு லெட்ஜர் சர்வீஸுக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கே கமிஷன் ஏறிவிட்டது. டிவிடெண்ட் ஏற்றும் நேரத்தில் வசூல் சர்வீஸ் பதில் சொல்லவில்லை. இப்போது ஏறியதை எல்லாம் திரும்ப எடுக்கத் தனியாக ஒரு கோடு எழுத வேண்டும். அது பாதியில் நின்றால் என்ன செய்வது என்று இன்னொன்று. டேட்டாபேஸ் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை நாமே கையால் கட்டுகிறோம், அதுவும் இரண்டு ஐடி ஊழியர்களை வைத்துக்கொண்டு.

பெரிய நிறுவனங்களே இதில் பின்வாங்கியதுண்டு. அமேசான் பிரைம் வீடியோவில் ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் குழு, சின்னச் சின்ன சர்வர்லெஸ் (தனி சர்வர் வைக்காமல் கிளவுடில் ஓடும்) துண்டுகளாகக் கட்டியிருந்த கருவியை ஒரே செயலியாகச் சேர்த்ததில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2023-இல் எழுதினார்கள். உடனே "அமேசானே மைக்ரோசர்வீஸைக் கைவிட்டது" என்று இணையத்தில் பரப்பினார்கள். அது மிகை. அந்த ஒரு கருவியைத்தான் மாற்றினார்கள், முழு பிரைம் வீடியோவை அல்ல. ஆனாலும், துண்டுகளை ஒருங்கிணைப்பதும் அவற்றுக்கிடையே டேட்டாவைக் கடத்துவதுமே பெரிய செலவு என்று அவர்கள் கண்டது நமக்கும் பொருந்தும்.

இருபது குழுக்கள் ஒன்றை ஒன்று எதிர்பார்க்காமல் தினமும் வெளியீடு செய்ய வேண்டிய இடத்தில் மைக்ரோசர்வீஸ் நியாயமானது. இங்கே இருப்பது இரண்டு பேர்.

ஒரே செயலி, தனித்தனி மாட்யூல்

என் தேர்வு மாடுலர் மோனோலித். பிரவுசரில் ஓடும் ஒரே செயலி, ஒரே டேட்டாபேஸ். ஆனால் உள்ளே சந்தாதாரர், ஏலம், வசூல், லெட்ஜர் என்று மாட்யூல்கள் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸில் தனி ஸ்கீமா (டேபிள்களுக்கான தனி அறை). வசூல் மாட்யூல் லெட்ஜரின் டேபிளில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது, லெட்ஜர் கொடுக்கும் ஃபங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் மூன்றே வருடத்தில் பழைய விபி6 நிலைக்கே வந்துவிடுவோம். அதனால் டேபிள் அனுமதிகளிலேயே தடுத்துவிடுவது நல்லது. ஏலம் முன்புபோலவே ஒரே டிரான்சாக்‌ஷனில் முடியும்.

இரண்டு துண்டுகளை மட்டும் வெளியே தனியாக வைப்பேன். ஒன்று, எஸ்எம்எஸ்ஸும் வாட்ஸ்அப்பும் அனுப்புவது. அது அரை மணி நேரம் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொன்று, பேமென்ட் கேட்வேயிலிருந்து வரும் யுபிஐ அறிவிப்பை வாங்கி வரிசையில் வைப்பது. மெயின் செயலி நின்றிருந்தாலும் இது வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்வே ஒரே அறிவிப்பை இரண்டு முறை அனுப்பும் என்பதை எழுதப்படாத விதியாக எடுத்துக்கொண்டு, பரிவர்த்தனை எண்ணுக்கு யுனிக் கீ (ஒரே எண் இரண்டாம் முறை பதிவாகாத தடை) போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு தவணை இரண்டாக வரவாகும். அதைச் சந்தாதாரர் வந்து சொல்ல மாட்டார்.

டேட்டாபேஸை என்ன செய்வது? லைசென்ஸ் பணத்தை மிச்சப்படுத்த இலவச டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் இப்போது வேண்டாம். மொழியும் டேட்டாபேஸும் ஒரே நேரத்தில் மாறினால், கணக்கு ஒரு ரூபாய் பிசகும்போது குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் எஸ்கியூஎல் சர்வரை ஆதரவுள்ள பதிப்புக்குக் கொண்டுவருவதே ஒரு வேலை. 2000 பதிப்பின் பேக்கப்பை 2012-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் நேராக ஏற்ற முடியாது. 2008 ஆர்2 வழியாக ஒரு நடை போய்த்தான் வர வேண்டும். நட்சத்திரக் குறியும் சமக்குறியும் சேர்த்து எழுதிய பழைய அவுட்டர் ஜாயின்கள் (இரண்டு டேபிள்களை இணைக்கும் கட்டளைகள்) புதிய பதிப்பில் ஓடாது. ஸ்டோர்டு புரொசீஜர்களில் அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் தேதி குறிக்கலாம்.

டேட்டாவில் ஒளிந்திருப்பவை

கட்டமைப்புப் பேச்சில் யாரும் தொடாத பகுதி இது. திட்டம் தள்ளிப்போவது என்னவோ பெரும்பாலும் இங்கேதான்.

ஊர்ப்புறக் கிளைகளில் சந்தாதாரர் பெயரையும் முகவரியையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பார்கள். டேட்டாபேஸில் தமிழ் இருக்காது. அந்த விசைகளின் ஆங்கில எழுத்துதான் இருக்கும். "அம்மா" என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். யூனிகோடுக்கு (இன்றைய பொதுக் குறியீட்டு முறைக்கு) மாற்ற நிரல் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஆனால் அதே காலத்தில் பாதிப் பெயர்கள் ஆங்கிலத்திலும் இருந்தால்? "அம்மா"வை அரைப்புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். "ரவி" என்பது பாமினியில் யு, டி, பி. எந்தக் குறியும் இல்லாத மூன்று ஆங்கில எழுத்துகள். அது தமிழ்ப் பெயரா, யாருடைய இனிஷியலா என்று எந்த நிரலுக்கும் தெரியாது. அப்புறம் பாமினியில் சின்ன கே "ம", பெரிய கே "மு". எஸ்கியூஎல் சர்வரை இன்ஸ்டால் செய்யும்போது வழக்கமாக வரும் அமைப்பு பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. ஆகவே முருகனும் மருகனும் அதற்கு ஒன்றுதான். இருபது வருடமாகத் தேடலில் இரண்டும் சேர்ந்தே வந்திருக்கும். கிளை ஊழியர்களும் பாஸ்புக் நம்பரை வைத்துச் சமாளித்திருப்பார்கள். இதற்கு ஆள் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. பட்ஜெட்டில் அதைத் தனியாக எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று ரவுண்ட், அதாவது பைசாவை முழு ரூபாயாக்குவது. விபி6-இன் ரவுண்ட் ஃபங்ஷன் சரிபாதியாக வரும் தொகையை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். அபராத வட்டி 12.50 என்றால் 12, 13.50 என்றால் 14. எஸ்கியூஎல் சர்வரின் ரவுண்ட் முன்னதை 13 ஆக்கும். பழைய மென்பொருளில் அபராதத்தை ஃபாரத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்களா, புரொசீஜரிலா என்பதைப் பொறுத்து ஒரு ரூபாய் மாறும். இரண்டு இடத்திலும் போட்டிருந்தால் இரண்டு விடையும் "சரி". ஒரு ரூபாய்தானே என்று ஆடிட்டரிடம் சொல்லிப் பாருங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், இவற்றைப் பிடிக்கும் கருவி நிறுவனத்திடமே இருக்கிறது: நடந்து முடிந்த ஏலங்கள் அத்தனையும். புதிய மாட்யூலில் பழைய ஏலங்களை வரிசையாக ஓட்டி, டிவிடெண்டும் கமிஷனும் அபராதமும் பழைய லெட்ஜரோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். எந்த டெஸ்டரும் யோசித்து எழுத முடியாத சோதனைகள் அதில் இருக்கும்.

எங்கே வெட்டுவது

கட்டமைப்பு முடிவானபின் மாறும் முறை. ஒரே இரவில் மாறுவதற்கு எச்சரிக்கை பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் ஒரே வாரயிறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றினார்கள். லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.865 கோடி பவுண்ட் அபராதம் போட்டன. அவ்வளவு ஆள்பலம் உள்ள இடத்திலேயே இந்தக் கதி.

மாற்றாகப் பரவலாகச் சொல்லப்படுவது ஸ்ட்ராங்லர் ஃபிக் முறை. பனையைச் சுற்றி வளரும் ஆல்போல, பழையது நிற்கும்போதே புதியது மாட்யூல் மாட்யூலாக அதைச் சூழ்ந்துகொள்ளும். முதலில் ரிப்போர்ட், அப்புறம் வசூல், கடைசியில் ஏலமும் லெட்ஜரும். பழைய ஃபாரத்தில் இருந்த பட்டனை அழுத்தினால் பிரவுசரில் புதிய பக்கம் திறக்கும்படி செய்துவிடலாம். இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: ஒரு டேபிளில் எந்த நேரத்திலும் ஒரு மென்பொருள்தான் எழுத வேண்டும். இரண்டும் எழுதி, இடையில் ஒரு சிங்க் ஓடி சரிசெய்யும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

சீட்டுத் தொழிலில் இதைவிட நல்ல வெட்டுக்கோடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சீட்டுக் குழுவும் 25 மாதமோ 40 மாதமோ ஓடித் தானாக முடியும். அப்படியானால் இன்ன தேதிக்குப் பிறகு தொடங்கும் குழுக்கள் எல்லாம் புதிய மென்பொருளில், ஏற்கெனவே ஓடுபவை பழையதிலேயே முடியட்டும் என்று வைக்கலாம். ஒரு குழுவின் லெட்ஜர் பிறந்த இடத்திலேயே முடியும். நடுவில் எதையும் இடம் மாற்ற வேண்டாம். சட்டமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. சீட்டு நிதிச் சட்டத்தின் 2019 திருத்தம் ஃபோர்மேன் கமிஷனின் உச்சவரம்பை 5-இலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. 5 சதவீதத்துக்கு ஒப்பந்தம் போட்ட பழைய குழுவில் 1,25,000 தள்ளினால் டிவிடெண்ட் 4,000. 7 சதவீதத்தில் தொடங்கிய குழுவில் அதே ஏலத்துக்கு 3,600. கமிஷன் குழுவோடு ஒட்டிய விதி, ஜிஎஸ்டி தேதியோடு ஒட்டிய விதி. பழைய மென்பொருளில் இரண்டுமே கோடுக்குள் எண்ணாகப் புதைந்திருக்கும். புதியதில் ஒன்று குழுவின் பதிவில், இன்னொன்று அமலுக்கு வந்த தேதியோடு தனி டேபிளில் இருக்க வேண்டும்.

இதற்குக் குறை இல்லாமல் இல்லை. மூன்று வருடத்துக்கும் மேல் இரண்டு மென்பொருள். இரண்டு குழுவில் இருக்கும் ஒரே சந்தாதாரர் கவுன்டருக்கு வந்தால் கேஷியர் இரண்டு திரையைப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி மறுபடி மாறினால் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். எனவே சந்தாதாரர் விவரத்தையும் வசூலையும் மாட்யூல் முறையில் முதலிலேயே புதியதற்குக் கொண்டுவந்துவிட்டு, ஏலத்தையும் லெட்ஜரையும் மட்டும் குழு முறையில் விடுவேன். கேஷியருக்கு ஒரே திரை. ரசீது எந்தக் குழுவுக்கு என்று பார்த்து, புதிய லெட்ஜருக்கோ பழைய புரொசீஜருக்கோ அனுப்புவது செயலியின் வேலை. பழைய லெட்ஜரில் எழுதுவது அப்போதும் பழைய புரொசீஜர் ஒன்றுதான், ஆகவே விதியும் மீறப்படாது.

இரண்டு வருடம் கழித்துப் பழையதில் கொஞ்சம் குழுக்களே மிச்சமிருக்கும்போது, அவற்றை மட்டும் ஒரு மாதக் கடைசியில் மாற்றிவிடலாமா என்ற பேச்சு வரும். அதற்குள் பழைய ஏலங்களை ஓட்டிப் பார்த்த சோதனை சுத்தமாக வந்திருந்தால் செய்யலாம், வராவிட்டால் ஓடி முடியட்டும். சீட்டு முடிந்தபின் 8 ஆண்டுகள் ஆவணங்களைக் காக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் கடைசிக் குழு முடிந்ததும் பழைய சர்வரை ஒரு விர்ச்சுவல் மெஷினாக்கி (வேறு கம்ப்யூட்டருக்குள் ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்), டேட்டாபேஸைப் படிக்க மட்டும் முடிகிற ரீட்-ஒன்லியில் வைத்து, பாமினி எழுத்துருவையும் அதிலேயே இன்ஸ்டால் செய்துவிட்டு, அட்மின் பாஸ்வேர்டை அந்த ஞாயிற்றுக்கிழமை மனிதரின் நினைவிலிருந்து எடுத்து நிறுவனத்தின் லாக்கரில் வைக்க வேண்டும்.